வராத சிறப்பிதழின் ஆசிரியர்

அண்ணியிடம் போனில் அந்தச் செய்தியைச் சொன்னபோது நான் மீஞ்சூர் ரயில் நிலையத்தில் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். சென்னையில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். கல்யாணமாகி மீஞ்சூருக்கு வந்ததிலிருந்து தினமும் ரயில்தான். பிறந்த ஊர் பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பம். அங்கே அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். அண்ணன் ஏரியிலும் கடலிலும் தொழில் செய்கிறவர். கிடைத்ததைப் பொன்னேரி வரை கொண்டுபோய் விற்பது அண்ணி.

செய்தி இதுதான். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ஆங்கில ஆய்விதழுக்கு நான் ஒரு திட்டம் எழுதி அனுப்பியிருந்தேன். ஏரியும் கடலும் கலக்கும் இடங்களில் பிழைக்கிறவர்களைப் பற்றி ஒரு சிறப்பிதழ் கொண்டுவரலாம், கட்டுரைகளை நானே திரட்டித் தொகுத்துத் தருகிறேன் என்று. ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அந்த ஓர் இதழுக்கு மட்டும் நான் சிறப்பாசிரியர். எங்கள் துறையில் அதுவரை யாருக்கும் கிடைக்காத வாய்ப்பு.

"அண்ணி, ஒரு இதழுக்கு என்னை ஆசிரியரா போட்டிருக்காங்க."

"நீ ஏற்கெனவே வாத்தியாருதானே?"

"அந்த ஆசிரியர் இல்ல அண்ணி. பத்திரிகை ஆசிரியர்."

ஆய்விதழ் என்றால் அவருக்குப் புரியாது, அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அப்படிச் சொல்வது வாய்க்கு இனிப்பாக இருந்தது.

வண்டி எண்ணூரைத் தாண்டுவதற்குள் அண்ணன் கூப்பிட்டுவிட்டார். "இன்னாமா, பேப்பர் நடத்தப் போறியாமே?" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நடத்தவில்லை, ஒரே ஒரு இதழ்தான், அதுவும் படித்தவர்கள் படிக்கிற இதழ் என்றேன். "படிச்சவங்கதானே படிக்கணும்? மந்திரியும் கலெக்டரும் படிச்சவங்கதானே?" என்றார். ரயில் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் சிரித்து வைத்தேன்.

ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனபோது ஊர் முனையில் பேனர் கட்டியிருந்தார்கள். கல்லூரி அடையாள அட்டையில் இருந்த என் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் பெரிதாக்கியிருந்தார் அண்ணன். கண்ணுக்குக் கீழே கருவளையம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. 'எங்கள் ஊரின் பெருமை, பத்திரிகை ஆசிரியர்' என்று சிவப்பு எழுத்து. நான் பஸ் ஜன்னலில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். ஆனால் இறங்கியதும் அதைக் கழற்றச் சொல்லவில்லை. கோயில் வாசலில் ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டுச் சால்வை போட்டபோது குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் மாமா என்னிடம் வந்து பேசினார். நேர் உறவில்லை. அண்ணனோடு சேர்ந்து தொழில் செய்தவர், அதனால் மாமா. சில மாதங்களுக்கு முன் முகத்துவாரத்தில் அவருடைய ஃபைபர் போட் கவிழ்ந்துவிட்டது. ஏரியும் கடலும் கலக்கும் அந்த வாயில் மணல் ஏறிக்கொண்டே வந்து, வழி இரண்டு போட் அகலத்துக்குக் குறுகிவிட்டிருந்தது. அலை தூக்கி மணல்மேட்டில் அடித்ததில் ஆட்கள் நீந்திப் பிழைத்தார்கள். என்ஜின் உப்புத் தண்ணீர் குடித்துச் செத்துவிட்டது. அதற்குப் பிறகு மாமா அடுத்தவர் போட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"எம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். முகத்துவாரம் மூடிக்கிச்சுனு உன் பேப்பர்ல எழுது. நாங்க மனு குடுத்துக் குடுத்துப் பாத்துட்டோம். பேப்பர்ல வந்தாதான் அவங்க கண்ணுக்குத் தெரியும்."

சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். 'மாமா, இது அந்த மாதிரி பேப்பர் இல்லை' என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். தோளில் சால்வை இருந்தது.

"பாக்கறேன் மாமா" என்றேன்.

காரியம் நடக்காது என்பதற்கு நகரத்தில் சொல்லும் சொல் அது. கோட்டைக்குப்பத்தில் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து மாமா வாட்ஸப்பில் படம் அனுப்பத் தொடங்கினார். மணல்மேடு, மணல்மேட்டில் தட்டி நிற்கும் போட், தண்ணீர் ஏறக் காத்திருக்கும் ஆட்கள். கூடவே குரல் பதிவு: "இது இன்னிக்குக் காலைல எடுத்ததுமா. தண்ணி முட்டிக்குக் கீழ." நான் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினேன்.

இதழ் வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டுரைகள் கேட்டு அறிவிப்பு வெளியிட்டேன். கட்டுரைச் சுருக்கங்கள் நிறைய வந்தன. அவற்றைப் பார்த்ததும் இதழே கைக்கு வந்துவிட்டதைப் போல ஒரு மிதப்பு. உடனே உட்கார்ந்து சிறப்பாசிரியர் முன்னுரையை எழுத ஆரம்பித்தேன். ஒரு கட்டுரைகூட முழுதாக வந்திருக்கவில்லை. மாதக்கணக்கில் அதையே திருத்தினேன். அந்த முன்னுரையில் 'இம்மக்களின் குரல்' என்றொரு தொடர் திரும்பத் திரும்ப வந்தது. மாமாவின் குரல் பதிவுகள் கைப்பேசியில் சேர்ந்துகொண்டே இருந்தன. பாதியைக் கேட்டதுகூட இல்லை.

சுருக்கம் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கட்டுரை அனுப்பவில்லை. வந்த சிலவற்றை மதிப்பிட ஆள் கிடைக்கவில்லை. ஒப்புக்கொண்டவர்கள் பதில் போடவில்லை. அவர்களுக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டியது என் வேலை. தேர்வுத்தாள் திருத்துகிற காலம் என்று நானும் தள்ளிப்போட்டேன். கடைசி நாளை நீட்டினேன், மறுபடியும் நீட்டினேன். ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் ஆய்வாளர், இறால் பண்ணைகளைப் பற்றி எழுதியவர், சொன்னதையெல்லாம் திருத்திச் சரியான நேரத்தில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். வேலைக்கு விண்ணப்பிக்க அவருக்கு அந்தக் கட்டுரை வேண்டியிருந்தது. "மேடம், ஏதாவது தகவல் உண்டா?" என்று மாதம் ஒரு முறை கேட்பார். அவருக்கும் 'பார்க்கிறேன்'தான்.

கடைசியில் முதன்மை ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். போதிய கட்டுரைகள் தேறாததால் சிறப்பிதழைக் கைவிடுவதாகவும், என் உழைப்புக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார். நன்றி என்ற இடத்தில் என் முகம் சூடானது. ஆரம்பாக்கத்துப் பெண்ணுக்குச் சொன்னேன். "பரவாயில்லை மேடம், வேறு இடத்துக்கு அனுப்பிக்கொள்கிறேன்" என்று ஒரு வரிப் பதில். திட்டியிருந்தால் தேவலை என்று நினைத்தேன். ஊருக்கு மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் வாரம் ஒரு தடவை போன் செய்வார்.

"இன்னாமா, எப்போ வருது?"

"வரும்ணா. ரெண்டு பேர் படிச்சுப் பாத்துச் சரின்னு சொல்லணும்."

"உன்னதானே எடிட்டர்ன்றாங்க? உனுக்கு மேல ரெண்டு பேரா?"

"அப்படித்தான்ணா முறை."

"சரி சரி. நீ சாப்டியா?"

எல்லாம் முடிந்துபோன பிறகும் 'வரும்ணா' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை, கல்லூரியில் வேலை என்றேன்.

அண்ணிதான் ஒருநாள் மீஞ்சூருக்கு வந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு விசேஷம், அப்படியே என்னையும் பார்த்துவிட்டுப் போக. பையில் இறால் கொண்டுவந்திருந்தார். சமையலறையில் உட்கார்ந்து அதை உரித்துக்கொண்டே, சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னார்.

"போன வாரம் ஊர்க் கூட்டத்துல உன் பேச்சு வந்துதாம். 'டீச்சரம்மா எழுதறேன்னாங்களே, இன்னா ஆச்சு? சால்வை மட்டும் போட்டுக்கினு போய்ட்டாங்களா?'னு எவனோ கேட்டுட்டான். உங்க அண்ணன் எழுந்து நின்னு, 'அதெல்லாம் வந்துடுச்சி, இங்கிலீஷ்ல வந்துடுச்சி, டில்லில படிக்கறாங்க'னு சொல்லிட்டாராம்."

கோயில் மண்டபத்தில் நடக்கும் கூட்டம் அது. ஆண்கள் மட்டும் உட்காருவார்கள். அங்கே சொல்லும் வார்த்தைக்கு ஒரு கனம் உண்டு. பொய் சொன்னதாகத் தெரிந்தால் அடுத்த கூட்டத்தில் வாய் திறக்க முடியாது.

"அண்ணி, இதழ் வரலை. வராது. நிறுத்திட்டாங்க."

அண்ணியின் கை நிற்கவில்லை. "அவருக்குத் தெரியுமே" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"வலைல ஒண்ணும் படாத நாள்ல உங்க நைனா ஊட்டுக்கு வந்து 'பரவால்ல, பரவால்ல'ன்னுவாராமே. நீ 'வரும்ணா, வரும்ணா'ன்றது அதே கொரலுதானாம். 'பாவம், அதப் பத்திக் கேக்காத'னு என்னாண்ட சொல்லிட்டாரு."

இறால் வாடையோடு அந்த மதியம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்காக அவர் பொய் சொன்னார் என்பதைவிட, தெரிந்தே ஒவ்வொரு வாரமும் போன் செய்து, எப்போ வருது என்று கேட்டு, என்னைச் சிரமப்படுத்தாமல் 'சாப்டியா'வுக்குத் தாவினாரே, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குப் போனேன். கரையில் அண்ணன் வலையை விரித்துப்போட்டு நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டேன். பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் நண்டே விரலைப் பிடித்துவிட்டது.

"மெதுவா, மெதுவா. கொடுக்கை மடக்கு."

"அண்ணா, அண்ணி சொன்னாங்க."

அவர் தலைநிமிரவில்லை. "அவளுக்கு வாய் நிக்காது."

"நான் மாமாகிட்ட போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"வேணாம்."

"அவர் நம்பிக்கினு இருக்காருண்ணா."

"நான் மண்டபத்துல சொல்லிட்டேன்மா. இப்போ நீ போய் 'பேப்பர் வரல'ன்னு சொன்னா, நான் இன்னா ஆவறது?" கோபமில்லை. ஒரு நண்டை எடுத்துக் கூடையில் போட்டார். "போனது போச்சு. உடு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, என் வெட்கத்தைக் கழுவிக்கொள்ள நான் உண்மை சொன்னால் அது அண்ணன் தலையில் விழும் என்று. சொல்லாமல் விட்டாலும் வழி இல்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து வரும்போதே தூரத்தில் முகத்துவாரத்தின் பக்கம் மணல் அள்ளும் இயந்திரம் நிற்பதைப் பார்த்திருந்தேன். வந்து சில நாட்கள்தான் ஆகிறதாம். ஊர்க்காரர்கள் மறியல் செய்தார்கள், அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், இயந்திரம் வந்தது. இதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் வரும் வழியில் டீக்கடையைக் கடந்தபோது, என் எழுத்தால்தான் அது வந்ததென்று இரண்டு பேர் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

வலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். மாமா வீட்டு வாசலில் வெயிலில் நின்று கயிறு திரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாம்மா, வா. பாத்தியா மிஷின? எல்லாம் உன் பேப்பரு செஞ்ச வேலை. இவனுங்க மறியல் மறியல்ன்றானுங்க. எத்தினி மறியல் பண்ணோம்? எழுத்துக்குத்தான்மா பயப்படறாங்க." உள்ளே திரும்பி, "நாற்காலி கொண்டா, டீச்சரம்மா வந்துகீது" என்றார்.

நாற்காலி வந்தது. நான் உட்காரவில்லை.

"மாமா, நான் எழுதலை."

"இன்னாது?"

"நான் எழுதவே இல்லை. அது செய்தி போடுற பேப்பரே இல்லை. அதுவும் வெளியே வரலை, நிறுத்திட்டாங்க. என் தப்புதான். நீங்க அனுப்பின படம் எதையும் நான் யாருக்கும் காட்டலை. மிஷின் வந்தது உங்க மறியலாலதான்."

அவர் திரித்து வைத்த கயிற்றைக் கையில் எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ உங்க அண்ணன் சொன்னது?"

அங்கே வரும்போது அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கவில்லை. எப்படியோ வாயில் வந்தது.

"அவருக்குத் தெரியாது மாமா. வந்துடுச்சுன்னு நான்தான் அவர்கிட்ட பொய் சொன்னேன்."

உண்மை சொல்லத்தான் அங்கே போனேன். ஒரு பொய்யை முட்டுக்கொடுக்காமல் அதைச் சொல்ல முடியவில்லை. அவர் துப்புவார், கத்துவார், சால்வையைச் சொல்லிக் காட்டுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் கயிற்றின் முனையை ஆணியில் சுற்றிக் கட்டினார். நிதானமாகக் கட்டினார்.

"சரி, என்னாண்ட சொல்லிட்ட. அவனாண்ட சொல்லாத" என்றார். "தங்கச்சி தங்கச்சினு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறான். தெரிஞ்சா உடைஞ்சி பூடுவான்."

"சரி மாமா."

"வெயில்ல நிக்காத. போ, அவன் ஊட்ல சாப்பாடு ஆயிருக்கும்."

உட்காரச் சொல்லி மறுபடியும் கேட்கவில்லை. நான் தெரு திரும்பும்போது அந்த நாற்காலியை உள்ளே எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அண்ணி நண்டுக் குழம்பு வைத்திருந்தார். அண்ணன் குளித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். நான் எங்கே போய்வந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஊரில் அந்நேரத்துக்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். முதல் சோறு முடிந்ததும் கேட்டார்.

"அவர் வூட்டாண்ட போனியாமே. இன்னா சொன்னாரு?"

"மிஷின் வந்ததைச் சொன்னார்ணா."

"வேற?"

"'சாப்பாடு ஆயிருக்கும், போ'ன்னார்."

விறைத்திருந்த அண்ணனின் தோள் கொஞ்சம் தளர்ந்தது. "நல்ல மனுஷன்" என்று சொல்லி, சட்டியிலிருந்து சதை நிறைந்த கொடுக்கு ஒன்றைத் தேடி எடுத்து, உடைத்து, என் தட்டில் வைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.