முன் சீட்டில் விரித்த ரப்பர் ஷீட்

எங்கள் கார் வாங்கும்போதே இன்னொருவர் ஓட்டித் தேய்த்த கார். கண்ணாடி இறங்கினால் ஏறாது, ஏறினால் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போய்வர இது போதும் என்று வீம்பாக வைத்திருக்கிறேன். கிறிஸ்தவர்களான நாங்கள் கோயில் என்று சொல்வது தேவாலயத்தைத்தான். மெக்கானிக்கிடம் விடுவது எனக்குப் பிடிக்காது. ஒன்றைச் சரிசெய்யக் கொடுத்தால் இன்னொன்றைக் கெடுத்துத் தருவார்கள் என்பது என் அபிப்பிராயம். கணவருக்கு வெளியூரில் வேலை. அதனால் காருக்குள் எது கழன்றாலும் வீடியோ பார்த்து நானே மாட்டிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

முன் சீட்டில் என் பக்கத்தில் உட்காருவது மாமா, கணவரின் அப்பா. வயதானவர். சர்க்கரை உண்டு, அடிக்கடி ஒன்றுக்குப் போவார். ஸ்ரீவில்லிபுத்தூர் அவர் பிறந்து வளர்ந்த ஊர். கூடப் படித்தவர்களில் மிச்சம் இருக்கிறவர்கள் அந்தக் கோயிலுக்குத்தான் வருகிறார்கள். ஆராதனை முடிந்து வாசலில் அவர்களோடு நின்று பேசிச் சிரிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காக மனுஷன் வாரம் முழுக்கக் காத்திருப்பார்.

வெயில் ஏறி, ஏ.சி. போட ஆரம்பித்த சமயத்தில் காருக்குள் ஒரு வாடை வந்தது. புளித்த, ஈர வாடை. மோப்பம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஞாயிறு மாமா இறங்கிப் போனதும் அவர் கால் வைத்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். அடுத்த வாரமும் ஈரம். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவருக்குச் சங்கடம் என்று எனக்கு நானே நல்லவள் பட்டம் கொடுத்துக்கொண்டேன். பிரசவத்துக்கு வந்திருந்த மகளின் குழந்தைக்காக வாங்கியதில் ஒரு ரப்பர் ஷீட் மிச்சம் இருந்தது. நீல நிறம், ஓரமெல்லாம் வாத்துப் படம். அதை முன் சீட்டில் விரித்து மேலே ஒரு துண்டைப் போட்டேன். துண்டு சின்னது. மாமா கதவைத் திறந்தார், வாத்துகளைப் பார்த்தார், கொஞ்சம் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து, கோயில் வரும்வரை வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

அடுத்த ஞாயிறு நான் சாவியை எடுப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"நான் பஸ்லயே போறேன்மா. செத்த நேரம் நடந்த மாதிரியும் இருக்கும்."

நான் தடுக்கவில்லை. எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அன்று எனக்கு வந்தது நிம்மதி. அவர் வராத வாரங்களிலும் வாடை போகவில்லை. ஊறிப்போனது லேசில் போகுமா என்று அந்தப் பழியையும் அவர் தலையிலேயே போட்டேன்.

இதற்கிடையில் அவர் பக்கத்துக் கதவின் உள்பலகை கடகடவென்று ஆட ஆரம்பித்தது. ஒரு விடுமுறை நாளில், கேட்டுக்கு முன்னால் இருக்கிற சரிவில் காரை நிறுத்தி, ஸ்குரூவைக் கழற்றிப் பலகையைப் பிடித்து இழுத்தேன். பிளாஸ்டிக் கிளிப்புகள் பாதி உடைந்து கையோடு வந்தன. கீழே, காரில் ஏறுகிற இடத்து ஓரப் பட்டையும் ஆடியது. அதையும் நெம்பி எடுத்ததும் தரைவிரிப்பின் விளிம்பு தூக்கிக்கொண்டது. அடியில் கையை விட்டேன். ஸ்பாஞ்சு முழுக்கத் தண்ணீர்.

எங்கள் வீட்டில், பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் மிஞ்சுகிற பேண்டேஜ் துணிக் கழிவு எப்போதும் ஒரு மூட்டை கிடக்கும். அதைக் கொண்டு ஒற்றி ஒற்றிப் பிழிந்தேன். பிழியப் பிழியத்தான் புத்தி வந்தது. மாமா இந்தக் காரில் ஏறியே பல வாரம் ஆகிறது. இது நேற்று ஊறிய ஈரம்.

என்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. வெளியே ரோட்டில் சொட்ட வேண்டிய ஏ.சி. தண்ணீர் உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. வண்டியை அணைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, சாக்கை விரித்துக் கீழே படுத்துப் பார்த்தேன். தண்ணீர் வெளியேறுகிற ரப்பர் குழாயின் வாயை மண் அடைத்திருந்தது. குளவிக் கூடு.

அந்தக் குளவியை எனக்குத் தெரியும். மகளுக்கு மாதம் நெருங்கி, வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைத்திருந்த நாட்களில் அது மண்ணைக் கவ்விக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் போய் வந்தது. மாமாதான் கவனித்தார். எங்கேயோ கூடு கட்டுகிறது, தட்டிவிடட்டுமா என்று விளக்குமாற்றோடு வந்தார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் குளவிக் கூட்டைக் கலைப்பார்களா என்று நான் சத்தம் போட்டேன். வேதம் படிக்கிற வீடுதான், ஆனால் இந்த விஷயத்தில் ஊருக்கு என்ன பயமோ அதேதான் எங்களுக்கும். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார்.

ஈர்க்குச்சியை விட்டுக் குத்தினேன். மண் பெயர்ந்து, தேங்கியிருந்த தண்ணீர் அப்படியே என் முகத்தில் கொட்டியது. அதே வாடை. கீழே கிடந்தபடியே அழுதேன்.

ஈர உடையோடு, மண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவின் முன்னால் போய் நின்றேன். குழாய் அடைத்திருந்ததை, ஏ.சி. தண்ணீரை, நான் தப்பாக நினைத்ததை, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மண்கட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும் அப்படித்தான்மா நெனச்சேன்," என்றார். "சர்க்கரையில உணர்ச்சி செத்துப்போச்சு, நமக்கே தெரியாம போயிருது போலன்னு."

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சனிக்கிழமை ராத்திரியிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதில்லை. ஞாயிறு காலையில் காபியைத் தொடுவதில்லை. பாலை வீணாக்குகிறார் என்று நான் அதற்கும் முணுமுணுத்திருக்கிறேன். பையில் மாற்று வேட்டி வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். ஆராதனை முடிந்ததும் யார் பக்கத்திலும் நிற்காமல் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பியிருக்கிறார். ஏட்டி, ஒனக்கு அறிவிருக்கா என்று அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மகன் காதுக்கு இது போக வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

விரிப்பை மொட்டை மாடியில் காயப்போட்டேன். புது கிளிப் வாங்கிக் கதவுப் பலகையை மாட்டினேன். ஆட்டம் நின்றது, வாடையும் போனது. அந்த ஞாயிறு மாமா காபி குடித்தார், பாதி டம்ளர். காரில் என்னோடு வந்தார். வழியில் மாங்காய் விலையைப் பற்றிக்கூடப் பேசினார்.

கோயில் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். அவருடைய கூட்டாளிகள் அங்கிருந்தே கையைத் தூக்கினார்கள். அவர் உடனே போகவில்லை. குனிந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தை உள்ளங்கையால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தினார்.

அது கார்த் தண்ணீர்தான் மாமா என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். தெரியுமே என்பார். இன்னும் ஒவ்வொரு ஞாயிறும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். அவர் கதவைச் சாத்தும்வரை நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.