முடி எந்தக் கோயிலுக்கு?

போன மாதம் ஒரு காரியம் செய்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்கள் செய்யும் காரியம். சொன்னால் திட்டுவீர்கள்... திட்டிக்கொள்ளுங்கள், உங்களுக்கும் எனக்கும் பழகிப்போனதுதானே!

சிம்மக்கல்லில் ஒரு மாடியில் பியூட்டி பார்லர். நடத்துவது உமா. போனில் அம்மாவிடம் சௌராஷ்டிரத்திலும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் மதுரைத் தமிழிலும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டு, கை ஓயாமல் வேலை பார்ப்பவள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை நான் அங்கே ஆஜர். எதற்கு என்று கேட்காதீர்கள். இந்தப் பத்தியின் மேலே இருக்கும் போட்டோவைப் பார்த்து, 'இந்த வயதிலும் எவ்வளவு கறுப்பு முடி' என்று கடிதம் எழுதுகிறவர்களின் மனதை உடைக்க எனக்கு விருப்பமில்லை.

அன்றைக்கும் தலை முழுக்க டை பூசிக்கொண்டு, தோளில் பழைய துண்டோடு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் அசையக்கூடாது. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தலையை முந்தானையால் போர்த்தியிருந்தாள். ஃபேன் காற்றில் முந்தானை நழுவியது. மொட்டைத் தலை. இப்போதுதான் குத்துக்குத்தாக முளைக்க ஆரம்பித்திருந்தது.

நம்மூரில் ஒரு பெண்ணை மொட்டைத் தலையோடு பார்த்தால் என்ன கேட்போம்? நானும் அதைத்தான் கேட்டேன்.

"முடி எந்தக் கோயிலுக்கும்மா?"

"பழனிக்குக்கா" என்றாள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். பெண்கள் முழு மொட்டை போடுவதற்கெல்லாம் தனி மனசு வேண்டும் என்றேன். என் கதையையும் அவிழ்த்துவிட்டேன். மகனுக்குக் காலேஜ் சீட் கிடைத்தால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு, சீட் கிடைத்ததும் மனசு மாறி, 'பூமுடி' கொடுத்துவிட்டு — அதாவது நுனியில் மூன்று கொத்து மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டு — மலையிறங்கியவள் நான். முருகனிடமே பேரம்! பிறகு அட்வைஸ் ஆரம்பமானது. சந்தனம் பூசு, வெயிலில் அலையாதே, முளைக்கும்போது அடர்த்தியாக முளைக்கும்... பத்து நிமிடம் விடவில்லை.

அவள் எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்று தலையாட்டினாள்.

உமா வந்தாள். கையில் புருவம் வரைகிற பென்சில். அந்தப் பெண்ணின் நாற்காலியைத் திருப்பி, "நான் சொல்லிக் குடுத்த மாதிரி இப்ப நீயே வரைஞ்சு காட்டு" என்றாள். அப்போதுதான் அந்த முகத்தை நான் நேராகப் பார்த்தேன். புருவம் இல்லை. இமையிலும் ஒரு முடி இல்லை.

பழனியில் புருவத்தை எடுக்க மாட்டார்கள்.

டை வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை. பத்து நிமிடமாக ஒரு பெண்ணோடு பேசியிருக்கிறேன் — முகத்தைப் பார்க்காமல், தலையை மட்டும் பார்த்துக்கொண்டு. இந்த லட்சணத்தில் வாராவாரம் 'நான் கவனித்தவரை...' என்று உங்களுக்கு எழுதுகிறேன். வெட்கமாக இருந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று ஏதோ உளறினேன்.

"நீங்க மட்டுமாக்கா கேட்டீக? ஆரப்பாளையத்துல பஸ்ஸ விட்டு எறங்கி இங்க வந்து சேர்றதுக்குள்ள மூணு பேரு கேட்டாக. எல்லாருக்கும் பழனிதான்" என்று சிரித்தாள்.

பெயர் செல்வி. ஊர் எழுமலை. வீட்டுக்காரருக்கு விவசாயம். இவள் உசிலம்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை கவுண்டரில் நிற்பவள். மார்பில் கட்டி, ஆபரேஷன், பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றல். எல்லாம் முடிந்துவிட்டது, இனி அவ்வப்போது செக்கப் வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வீட்டு ஆட்களையும் உமாவையும் தவிர, விஷயம் தெரிந்தது தெருவில் ஒரே ஒருவருக்கு.

"மொதத் தடவ பழனின்னு வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்க்கா. சொன்ன ஒடனே அந்தம்மா என்னயக் கையெடுத்துக் கும்புட்டுச்சு. எங்க தெருவுல ஒருத்தவுகட்ட மட்டும் நெசத்தச் சொன்னேன். அன்னைக்கு அவுக வீட்ல காப்பி குடிச்சேன். நான் குடிச்ச டம்ளர மறுநா வாசல்ல போட்டுருந்தாக. ரெண்டு பேரும் பாத்தது ஒரே தலயத்தானக்கா?"

உமா பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். சீவ வேண்டிய அவசியமே இல்லை.

பிரச்சினை இத்தோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் செல்வியின் தம்பிக்குக் கல்யாணம். உங்களுக்குத் தெரியும், மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும், அடுத்த இரண்டு முடிச்சையும் அவன் உடன்பிறந்தவள் போட வேண்டும். நாத்தனார் முடிச்சு. செல்வி ஒரே அக்கா, அவள் உரிமை அது. ஆனால் அவள் சித்திக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. உடம்புக்கு முடியாத பிள்ளை எதற்கு மேடை ஏற வேண்டும், என் மகளும் மாப்பிள்ளைக்குத் தங்கச்சி முறைதானே, அவள் போடட்டும் என்று பேச்சை ஆரம்பித்துவிட்டாள். செல்வியின் அம்மா நடுங்கிப்போய், "விக்கு வாங்கி மாட்டிக்க. மொட்டையப் பாத்தவுக கேட்டா பழனின்னே சொல்லு. நெசம் தெரிஞ்சா உன்னய மேடையில ஏத்த மாட்டாக" என்று அனுப்பியிருக்கிறார்.

உமா விக்கை எடுத்து மேஜையில் வைத்தாள். இடுப்பு வரைக்கும் முடி, மினுமினு என்று.

"ஒரிஜினல் முடி செல்வி. கோயில் முடிய ஏலத்துல எடுத்துச் செய்றது. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

ஆசையாகத் தொட்ட செல்வி, சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்ப இது யாரோ சாமிக்கு நேந்து குடுத்தது. அவுக நெசமாக் குடுத்துருக்காக. நான் குடுக்காமயே குடுத்தேன்னு சாமி பேரச் சொல்லிக்கிட்டுத் திரியிறேன்." விக்கை உமா பக்கம் தள்ளிவைத்தாள். "இம்புட்டுப் பொய்யயும் தலயில வச்சுக்கிட்டு மேடையேறி முடிச்சப் போட்டா, எந் தம்பி வாழ்க்கைக்கு ஆகுமாக்கா?"

உலகத்தில் எல்லாவற்றுக்கும் கருத்து வைத்திருக்கும் நான், தோளில் கிடந்த துண்டால் காதில் இறங்கிய டையைத் துடைத்துக்கொண்டேன்.

விக்கைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தாள். உமாவுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுத்தாள். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது ஒருவருக்கு மட்டும் கொடுப்பது முறையா? எனக்கும் ஒன்று நீட்டினாள். "கட்டாயம் வரணும்க்கா."

அந்த வாரம் முழுக்க டவுன் பஸ்ஸில் நான் தலைகளாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தனம் பூசிய மொட்டைகள். காதோரம் வழித்து, உச்சியில் மட்டும் நிறுத்திய காலேஜ் தலைகள். ஒரு முழம் மல்லிகை தொங்கும் சடைகள். அழகைக் கண்ணால் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கென்னவோ காதால்தான் பார்க்கிறோம் என்று தோன்றுகிறது. 'பழனி' என்று காதில் விழுந்தால் மொட்டைத் தலை லட்சணமாகிவிடுகிறது, கை தானாகக் கும்பிடுகிறது. 'ஆஸ்பத்திரி' என்று விழுந்தால் அதே தலை அபசகுனம். 'இப்ப இதுதான் ஸ்டைல்' என்று யாராவது சொல்லிவிட்டால் நாமே போய் வழித்துக்கொண்டு வந்தாலும் வருவோம். நடுவில் இருக்கிற மனுஷியை யார் பார்த்தது? நான் பார்க்கவில்லை, அது நிச்சயம்.

கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே நானும் உமாவும் பஸ் ஏறிவிட்டோம். உமாவின் பையில் விக் இருந்தது. செல்வி கடைசி வரை போன் செய்யவில்லை, இருந்தாலும் கடைசி நிமிடத்தில் கேட்டால் கொடுக்கலாம் என்று எடுத்து வந்திருந்தாள்.

மண்டப வாசலில் சந்தனம், கற்கண்டு, மல்லிகைச் சரம் நிறைந்த தாம்பாளம். பின்னால் செல்வி நின்றாள். விக் கேட்கவில்லை. முந்தானையாலும் மூடவில்லை. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த பட்டு, காதில் பெரிய ஜிமிக்கி, ஒரே கோட்டில் இழுத்த புருவம். வருகிற பெண்களுக்கெல்லாம் பூக் கொடுத்தவள், தன் சரத்தைத் தலையில் வைக்க வழியில்லாமல் மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். தினமும் பட்டுக் கவுண்டரில் நிற்பவளுக்கு, எந்த நிறம் யாருக்கு எடுக்கும் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? அழகாக இருந்தாள். பாவப்பட்டுச் சொல்லவில்லை, சத்தியமாக அழகாக இருந்தாள்.

எனக்கு முன்னால் போன ஒரு பெரியம்மா சந்தனத்தைத் தொட்டுக்கொண்டே கேட்டார்.

"முடி எந்தக் கோயிலுக்கு தாயி?"

செல்வி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள்.

"கோயிலுக்கு இல்ல பெரியம்மா. கேன்சர் வந்துச்சு. மருந்துக்குக் கொட்டிருச்சு. வைத்தியம் முடிஞ்சு இப்ப நல்லாருக்கேன். மொத காப்பியக் குடிங்க, ஆறிரும்."

சத்தமாகத்தான் சொன்னாள். பெரியம்மாவின் விரலில் இருந்த சந்தனம் நெற்றிக்குப் போகாமல் அப்படியே நின்றது. அவர் உள்ளே போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னாள், "பொய்யச் சொல்லி முடிச்சுப் போடுறதுக்கு, போடாமயே இருந்துக்கிறேன்க்கா." சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

முகூர்த்தத்துக்குள் மண்டபம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. காப்பி கூட அவ்வளவு வேகமாகப் போய்ச் சேரவில்லை.

கெட்டி மேளம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தில் கொண்டுபோய் முதல் முடிச்சைப் போட்டுவிட்டான். மேடைப் படியில் செல்வி நிற்கிறாள். அவளைத் தாண்டிக்கொண்டு சித்தி தன் மகளை முன்னால் தள்ளுகிறாள். "நீ போய்ப் போடுடி, நேரமாகுது." செல்வியின் அம்மா தரையைப் பார்க்கிறார். மாப்பிள்ளை தாலிக் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, "அக்கா... அக்கா எங்க?" என்று மேளச் சத்தத்தில் கத்துகிறான். அவன் கயிற்றை விடவில்லை. படியில் இருந்தவர்கள் செல்விக்கு வழி விடவில்லை.

அதுவரை குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த மணப்பெண், கையைப் பின்னால் கொண்டுபோய், பூவும் ஜடை நாகமுமாகத் தொங்கிய தன் சடையைத் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டாள். பின்கழுத்து வெறுமையாக, தயாராக இருந்தது.

"மதினி, வெரசா வந்து போடுங்க. இந்தச் சடை கழுத்த ஒடிக்குது!"

பக்கத்தில் நின்ற தோழிகள் சிரித்துவிட்டார்கள். போட்டோகிராபர் சிரித்தார். சித்தி மகளே சிரித்துக்கொண்டு ஒதுங்கி, "போங்கக்கா" என்று செல்வியின் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டாள். செல்வி முடிச்சைப் போட்டாள். இரண்டாவது முடிச்சுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள், கண்ணைத் துடைக்கக்கூட விடாமல் தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அழுதேன். உமா என்னைவிட அதிகமாக அழுதாள்.

பந்தியில் உட்காரும்போது உமா கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய உமாவாகிவிட்டாள். மேடைப் பக்கம் ஒரு நோட்டம் விட்டு, தொழில்காரிக்கே உரிய குரலில் என் காதில் சொன்னாள். "அக்கா, பொண்ணு சடையில முக்காவாசி சவுரி. மாப்பிள்ள தாடியில டை. சித்தி கொண்டை ரெடிமேடு."

அப்படிப் பார்த்தால், அன்றைக்கு அந்த மேடையில் சொந்தத் தலையோடு நின்றது செல்வி ஒருத்திதான்.