ஆறு ஓடிய கல்யாணப் பத்திரிகை

எங்கள் அத்தையின் கல்யாணப் பத்திரிகையை விரித்தால் ஒரு முழத்துக்கு மேல் நீளம் வரும். ஆறு மடிப்பு. முதல் மடிப்பில் திருநெல்வேலி ஜங்ஷன், கடைசி மடிப்பில் அம்பாசமுத்திரத்துக் கல்யாண மண்டபம். நடுவே தண்டவாளம் ஒரு கறுப்புக் கோடாகப் போகும். அதை நெருங்கியும் விலகியும் தாமிரபரணி கூடவே வரும். ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து பயணம் போகிற மாதிரியே இருக்கும். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், முகூர்த்த நேரம் எல்லாம் பின்பக்கம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை என்றால் மஞ்சள் அட்டை, மேலே பிள்ளையார், கீழே சொந்தக்காரர் பட்டியல். அச்சகத்தில் தடிமனான ஆல்பம் ஒன்று வைத்திருப்பார்கள். அதில் ஒன்றைத் தொட்டுக் காட்டி, பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது. அத்தை அந்த ஆல்பத்தைத் திறக்காமலே தன் யோசனையைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அச்சகத்து அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஆத்தைப் போட்டு அடிச்சா பேரை எங்கனம்மா போடுறது?"

"முதுகுல போட்டுக்கிடலாம் அண்ணாச்சி."

"பிள்ளையாரு?"

"அவரு முன்னாலயே இருப்பாரு. ஜங்ஷன்ல ரயிலு ஏறுத எடத்துல உக்காந்திருப்பாரு."

அண்ணாச்சி ஆல்பத்தை எடுத்து உள்ளே வைத்தார்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை, அம்பாசமுத்திரத்தில் எங்களோடுதான் இருந்தாள். திருநெல்வேலியில் நில அளவை அலுவலகத்தில் வயல்களுக்கும் தோப்புகளுக்கும் படம் வரைகிற வேலை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவாள். இருபத்தொன்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லையே என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை. அவளுக்கு மட்டும் அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. வந்த ஜாதகங்களையெல்லாம் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக் கழித்தாள். கடைசியில் திருநெல்வேலி டவுனில் இருந்த பெரியப்பாவிடம் ஒரு தரகர் சேரன்மகாதேவிக்கார மாப்பிள்ளை ஒருவரின் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். மின்சார வாரியத்தில் வேலை. அத்தை மறுபேச்சில்லாமல் சரி என்றாள். பெரியப்பா அதைத் தன் சாமர்த்தியம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

பெரியப்பா வைத்ததுதான் எங்கள் குடும்பத்தில் சட்டம். அவருடைய மூத்த மகள், கல்லூரியில் கூடப் படித்தவரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டபோது அவர் சத்தம் போடவில்லை. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் அடித்த எந்தப் பத்திரிகையிலும் அந்த அக்காவின் பெயர் வரவில்லை, அவ்வளவுதான். 'நல்வரவை விரும்பும்' என்ற பட்டியலில் தொட்டில் பிள்ளையின் பெயர்கூட இருக்கும். அவள் பெயர் இருக்காது.

எனக்கு அப்போது பத்து வயது. கோடை விடுமுறை. சனி, ஞாயிறுகளில் அத்தை கூடத்தில் வெள்ளைத் தாளை விரித்துக் குப்புறப் படுத்து வரைவாள். நானும் தாளின் மறுமுனையில் குப்புறப் படுத்துக்கொள்வேன். காருகுறிச்சியில் வரிசையாகப் பானைகளை வைத்தாள். வீரவநல்லூரில் ஒரு தறி. கல்லிடைக்குறிச்சியில் ஒரு மொட்டை மாடி, அதில் காய்கிற அப்பளங்கள். பிறகு ஆற்றுப் பாலம். பாலத்துக்கு அடியில் துணி துவைக்கிற பெண்களை ஒரு நெல் அளவுக்குத்தான் போட்டாள். ஆனாலும் எந்தப் பெண் துணியைக் கல்லில் அடிக்கிறாள், எந்தப் பெண் பிழிகிறாள் என்று தெரிந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் மேற்கு மலை லேசான ஒரு கோடு. வெளியே வெயில் வெள்ளையாய்க் கிடக்க, அந்தத் தாளுக்குள் மட்டும் ஈரக்காற்று அடிப்பதுபோல் இருக்கும். பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவேன். விழிக்கும்போது இன்னொரு ஊர் வந்திருக்கும்.

சேரன்மகாதேவியை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். ஒரு நடைமேடை, ஒரு பெஞ்சு, ஊர்ப் பலகை. வேறொன்றுமில்லை.

"இங்கன யாருமே இல்லையே அத்தை?"

"ரயிலு போயிட்டுதுல்லா. எல்லாரும் ஏறிட்டாவ."

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏனென்றால் சேரன்மகாதேவி நடைமேடையில் யார் நிற்பார் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வருடத் தை மாதம் எனக்குக் கண்ணாடி போடுவதற்காக அத்தை என்னைத் தன்னோடு திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனாள். காலை ரயிலில் சேரன்மகாதேவியில் நல்ல உயரமான ஒருவர் ஏறினார். குடையைக் கையில் பிடிக்காமல், சட்டைக் காலரில் பின்பக்கமாக மாட்டித் தொங்கவிட்டிருந்தார். எங்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, என்னிடம் ஒரு கொய்யாப்பழத்தை நீட்டினார். அத்தையும் அவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு பேரும் வெளியே ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மாலையில் திரும்பும்போது, டாக்டர் விட்ட மருந்தினால் என் கண் கூசிக்கொண்டிருந்தது. வயல், வாழை, ஆறு எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து வெளிச்சமாக ஓடின. அந்த வெளிச்சத்துக்கு நடுவே அவர் சேரன்மகாதேவியில் இறங்கி நின்றார், கறுப்பாக நீளமான ஒரு கோடு மாதிரி. ரயில் வளைவில் திரும்பும்வரை அந்தக் கோடு நகரவே இல்லை.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அத்தை என் காதருகே குனிந்தாள். "ரயில்ல பாத்ததையெல்லாம் வீட்டுல சொல்லிட்டிருக்காத, என்ன? பெறவு ஒங்கம்மா என்கூட அனுப்ப மாட்டா."

நான் யாரிடமும் சொல்லவில்லை. இரும்புப்பெட்டி மாதிரி வாயை மூடி வைத்திருந்தேன். ஆனால் சொல்லக்கூடாது என்றுதானே அத்தை சொன்னாள்? ஒரு திங்கட்கிழமை, அவள் வேலைக்குப் போன பிறகு, மையில் வரைந்து முடித்திருந்த படத்தை எடுத்து, அவளுடைய மெல்லிய பேனாவாலேயே சேரன்மகாதேவி பெஞ்சில் இரண்டு பேரை உட்கார வைத்தேன். சடையை முன்னால் போட்டிருந்தது அத்தை. பக்கத்தில் உயரமாக அவர். காலரிலிருந்து தொங்கும் குடையைப் போட நாக்கைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் பாடுபட்டேன். என் வாழ்க்கையில் அதுவரை வரைந்ததில் அதுதான் சிறந்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்த அப்பா படத்தைப் பார்க்க உட்கார்ந்தார். ஜங்ஷனிலிருந்து ஊர் ஊராக விரலை நகர்த்திக்கொண்டு வந்தவர் சேரன்மகாதேவியில் நின்றுவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று எனக்குப் பரீட்சை. நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. வந்தவர் குடையைக் கழற்ற மறந்து, காலரில் தொங்கவிட்டபடியே நாற்காலியில் சாய, அது பின்னால் குத்த, அவர் துள்ளி எழுந்ததையும், கூடத்தில் எல்லோரும் சிரித்ததையும் பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அப்பா அன்று அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாராம்.

"இதை யாரு வரைஞ்சது?" என்றார் அப்பா.

"நான்தான்."

"அத்தை வரையச் சொன்னாளா?"

"இல்ல. நானாத்தான்."

"இப்படி ஒரு ஆளை எங்க பாத்தே?"

"ரயில்ல. கண்ணாடி போடப் போகும்போது."

அப்பா எழுந்து வாசல்வரை போனார். கொஞ்சநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து, பேனாவை எடுத்தார். அப்பாவுக்கு வரைய வராது. என் கண் முன்னாலேயே, குடை வைத்திருந்தவர் மேல் ஒரு மரத்தை வரைந்தார். அடிமரம் கோணலாக வந்தது. அதன் மேல் சுழித்துச் சுழித்து இலைகளை அடைத்தார். கடைசியில் கீரைக்கட்டை நிமிர்த்தி வைத்ததுபோல ஒன்று அங்கே நின்றது. குடையின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அதன் மேலும் ஒரு கிளையை இழுத்துவிட்டார்.

"சேரன்மாதேவில மரம் இல்லாம இருக்குமாட்டி? வெயில்லா அடிக்கி" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

நான் அழுதேன். அம்மா அடுக்களையிலிருந்து வந்து என்னவென்று கேட்டாள். "படத்துல கையை வச்சுட்டேன்னு பிள்ளை கோவிச்சிருக்கா" என்றார் அப்பா.

மாலையில் அத்தை வந்தவுடன் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அத்தை நியாயம் கேட்பாள், அப்பாவிடம் சண்டை போடுவாள் என்று எனக்கு நிச்சயமாக இருந்தது. அவள் தன் படத்தில் ஒரு தூசு பட்டாலே பொறுக்கமாட்டாதவள்.

"இந்தப் பொண்ணு பக்கத்துல மரத்தை யாரு வச்சா?"

"அப்பா."

"அதுக்கு முன்னால இங்கன என்ன இருந்துச்சு?"

சொன்னேன். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து எழுந்து, அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே."

"ம்."

"அந்தப் படம்..."

அப்பா பேப்பரைத் தாழ்த்தவில்லை. "நாளைக்கே அச்சுக்குக் குடுத்திரு. பெரியண்ணன் இது என்னன்னு கேட்டா, சொந்தக்காரவுகளுக்கு வழி தெரியணும்லா, அதுக்குன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் பக்கம் பேச அந்த வீட்டில் ஒருவருமில்லை என்று தெரிந்துகொண்டேன். எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் எதுவென்றால், அத்தை அந்த மரத்தில் ஒரு இலையைக்கூடத் திருத்தவில்லை. காருகுறிச்சிப் பானைகளை மூன்று தடவை அழித்து வரைந்தவள், அந்தக் கீரைக்கட்டை அப்படியே அச்சுக்கு அனுப்பினாள்.

முந்நூறு பத்திரிகைகள் கறுப்புக் கோடுகளாக அச்சாகி வந்தன. ஆற்றுக்கு நீலம் கையால்தான் தீட்ட வேண்டும். அந்த வேலையை அத்தை எனக்குக் கொடுத்தாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் என்று நினைக்கிறேன். இரண்டு வாரம் நான் வேறெதுவும் செய்யவில்லை. காலையில் கிண்ணத்தில் நீலத்தைக் கரைத்தால் பொழுது சாயும்வரை ஆறு ஓடும். பாலத்துக்கு அடியில் தொடங்கி, தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் திருநெல்வேலிவரை கொண்டுபோகக் கற்றுக்கொண்டேன். அறை முழுக்க ஆறுகள் காய்ந்துகொண்டிருக்கும். மின்விசிறி சுற்றும்போது முந்நூறு ஆறுகளும் சலசலக்கும். படுத்தால் கட்டில் மிதக்கும். கண்ணை மூடினால் நீலம் வந்து இமைக்குள் நிறையும். அதில் நான் மீன் மாதிரி பானைகளையும் தறியையும் தாண்டிப் போவேன். முழித்திருக்கிறேனா, உறங்குகிறேனா என்பது பல சமயம் எனக்கே தெரியாது. ஒவ்வொரு தாளிலும் சேரன்மகாதேவி வரும்போது மட்டும் தூரிகையை மெதுவாக நகர்த்துவேன். மரத்துக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

பெரியப்பா பத்திரிகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னலே, பத்திரிகையா, பள்ளிக்கூடத்துப் படமா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா வழி விஷயத்தைச் சொன்னார். பெரியப்பாவுக்கு அது பிடித்துப் போயிற்று. "வர்றவன் வழி கேட்டு அலைய வேண்டாம்லா" என்று தானே கண்டுபிடித்ததுபோல எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று காலை மேளச் சத்தத்தில் மண்டபமே அதிர்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை மணவறைக்கு வந்தபோது, பந்தல் தோரணம் தலையில் இடிக்காமல் இருக்கக் குனிந்தார். நிமிர்ந்ததும் என்னைப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்வரிசையில் பெரியப்பாவும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஓடினேன்.

"அப்பா, மாப்பிள்ளை மாமாதான் ரயில்ல வந்த மாமா. அத்தைகூட பேசிக்கிட்டு வந்தாவல்லா."

பெரியப்பா மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார். "என்ன ரயிலுட்டி?"

மணவறையில் அத்தை தலை நிமிரவில்லை. மருதாணி சிவந்த விரல்கள் மடியில் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன. தாலி இன்னும் தட்டில்தான் இருந்தது. யாரோ அதைப் பெரியவர்களிடம் ஆசீர்வாதத்துக்காகக் கொண்டுவந்து கொண்டிருந்தார்கள்.

அப்பா என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். "ரெண்டு வாரமா ராவும் பகலும் அந்த ரயிலுக்கும் ஆத்துக்கும் வண்ணம் அடிச்சிருக்கால்லா அண்ணே. பிள்ளை கனவு கண்டிருக்கா" என்றார்.

பெரியப்பா சிரித்து என் கன்னத்தைக் கிள்ளினார். தட்டு வந்தது. தாலியைத் தொட்டு வணங்கி அனுப்பினார்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அப்பா கணக்கு வாத்தியார். வயிற்றுவலி என்று சொல்லி நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட நாளில், 'என் மகளுக்கு இன்று பள்ளிக்கு வர விருப்பமில்லை' என்று விடுப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர். அப்படிப்பட்டவர் பெரியப்பாவின் முகத்துக்கு நேரே சொல்கிறார் என்றால் அது கனவாகத்தான் இருக்க வேண்டும். கொய்யாப்பழத்தின் ருசி மட்டும் எப்படி நாக்கில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே, மேளம் கொட்டி முழங்க, எல்லோரோடும் சேர்ந்து நானும் அட்சதையை எறிந்தேன்.