ஹீல்ஸைக் கழற்றிய நாள்

பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நான். குள்ளமான எனக்கு ஹீல்ஸ்தான் தைரியம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, முட்டியில் ஆபரேஷன் ஆகி, ஐந்து மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். "ஹீல்ஸா? வீட்டுலயே பத்து நிமிஷம் நடந்து பழகுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார் பிசியோதெரபிஸ்ட். நான் கேட்கவில்லை. ஆர்டர் தரும் வெளிநாட்டு பையர் வருகிற அன்று மூன்று அங்குல ஹீல்ஸோடு போய் நின்றேன்.

தையல் செக்‌ஷன் நடுவில் முட்டி மடங்கிவிட்டது. விழாமல் பிடித்தவர் டெய்லர் சரசு. என் வயதுதான் இருக்கும். தன் ஸ்டூலில் என்னை உட்கார வைத்து, தன் ரப்பர் செருப்பை முன்னால் தள்ளினார்.

"இதப் போட்டுக்குங்க மேடம். மெஷின் மிதிக்க எனக்கு வெறுங்காலே போதுங்க."

"என் வலி உங்களுக்கு எங்க புரியும்?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் சேலையைச் சற்று ஒதுக்கினார். வலது முட்டியில் என்னுடையதைப் போலவே நீளத் தழும்பு. அந்த முட்டியால்தான் மெஷின் மேசைக்கு அடியில் தொங்கும் கம்பியை நாள் முழுக்கத் தள்ளி, ஊசிக்குக் கீழே அழுந்தியிருக்கும் துணியை விடுவிக்கிறார்.

"பஸ்ல இருந்து விழுந்துட்டனுங்க. மொதல்ல தெனம் ஒரு மணி நேரந்தான் தெச்சனுங்க. அவசரப்பட்டா முட்டி கேக்காதுங்க."

வெட்கமாகப் போயிற்று. பையரை அந்த ரப்பர் செருப்போடுதான் வரவேற்றேன். அவர் சாம்பிளைப் பார்த்தாரே தவிர, என் காலைப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் வீட்டில் தினமும் நிமிடக் கணக்கில் நடந்து பழகி, மறுபடி ஹீல்ஸோடு சரசுவைக் கடந்தேன். துணியைப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை. முட்டியால் அந்தக் கம்பியை இரண்டு முறை தட்டினார். டக், டக்.

எத்தனையோ கைதட்டல் கேட்டிருக்கிறேன். முட்டியால் தட்டியது அது ஒன்றுதான்.