மாப்பிள்ளையின் முகத்தில் எண்ணெய்

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, என் உம்மா பின்வேலியால் நுழைந்து நேரே என் குசினிக்குள் வந்து அடுப்படியில் நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"மாப்பிள்ள நிந்தவூருக்குப் போறாராம் புள்ள. பேக்கும் கட்டிட்டாரு."

என் கையில் பாதி வெட்டிய பாரை மீன். அப்படியே சட்டியில் போட்டேன்.

மாப்பிள்ளை என்பது என் தங்கை பரீதாவின் புருஷன் நிஸாம். கல்முனையில் ஒரு புடவைக்கடையில் வேலை. கல்யாணம் முடிந்து மூன்று மாதம். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன் – எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படி வந்தவர் மூன்றாம் மாதம் பேக்கைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனால்? ஊர் சும்மா இருக்குமா? என் தங்கையைத்தானே தின்னும்?

"என்ன நடந்த?" என்றேன்.

"என்ட சோறு அவருக்கு ஒட்டல்லகா. வந்த நேரம் முகம் எப்படிப் பளபளண்டு இருந்திச்சு! இப்ப பாரு..."

உம்மாவின் கவலை உம்மாவுக்கு. மாப்பிள்ளையின் முகம் மினுங்கினால் மாமியின் குசினிக்குப் பேர். முதல் மாதம் முழுக்க, "எங்கட மாப்பிள்ளட முகத்துல நெய் வடியிது" என்று கண்ட பெண்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர். இப்போது அந்த முகம் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்து, தாடையெல்லாம் பரு. உம்மா என்ன செய்தார்? நெய்யைக் கூட்டினார்.

நான் போனேன். எனக்கு நயமாகப் பேச வராது – இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு அது புதினமில்லை.

நிஸாம் கட்டில் விளிம்பில் இருந்தார். பக்கத்தில் பேக். பரீதா சுவரோடு ஒட்டி நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. உம்மா வாசல் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மாமி மாப்பிள்ளையின் முன்னால் வந்து கதைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"தம்பி, என்ட தங்கச்சி உங்களுக்கு என்ன செஞ்சவள்? அதச் சொல்லிட்டுப் போங்க."

"அவ ஒண்டும் செய்யல்ல மதினி."

"அப்ப சோறா?"

அவர் திரையை ஒருதரம் பார்த்தார். "சோறு... நல்லம் மதினி."

"அப்ப என்னதான்? வாயத் திறந்து கதைங்க. நான் மீனப் பாதில போட்டுட்டு வந்திருக்கன். பூனை பாத்துக்கிட்டு இருக்கு."

அவர் பேக்கைத் திறந்து ஒரு தலையணை உறையை எடுத்தார். கல்யாணத்துக்காகப் பரீதா கையால் பூப்போட்டுத் தைத்தது. இரண்டு ரோசாப்பூவுக்கும் நடுவில் மஞ்சளாய் ஓர் எண்ணெய்க் கறை. ஒரு கன்னத்தின் அளவு.

"நானே கழுவிப் பாத்தன். போகுதில்ல. முகத்துல அப்பளம் பொரிக்கலாமெண்டு கடையில கூட்டாளிமாரு பகிடி பண்றாங்க. இவட பக்கம் முகத்தத் திருப்பவே வெக்கமா இருக்கு..."

அதனால்தான் மனிதர் இரவில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்! தன்னைப் பிடிக்காமல்தான் திரும்பிக் கொள்கிறார் என்று இவள் மூன்று வாரம் அழுதிருக்கிறாள். அவர் சொல்லவில்லை, இவள் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தைப் பத்திரிகையில் எழுத முடியாது.

"முகத்துக்கு என்ன பூசினீங்க?"

இடுப்புச் சாரன் மடியிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் காட்டினார். உடுப்புக் கழுவுகிற சவுக்காரம்! பள்ளிவாசலுக்குப் போகும்போது மடியில் ஒளித்துக்கொண்டு போய், ஐந்து நேரத் தொழுகைக்கும் ஒழு எடுத்து முகம் கால் கழுவும்போது அதைப் போட்டு முகத்தைத் தேய்த்திருக்கிறார். படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை. சாரனை நாளுக்கு ஆறு தடவை அப்படித் தேய்த்தால் சாரனே கிழிந்து போகும். முகம் என்ன பாவம் செய்தது?

"பேக் இங்கயே கிடக்கட்டும். எழும்புங்க" என்றேன். அன்று பின்னேரமே டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த டொக்டரம்மா என்னைவிடப் பொல்லாதவர். "இது நோயில்ல. சிலருட தோல் எண்ணெய்ய கூடக் கசியும். அதுக்கு இந்தத் தண்டனையா?" என்று ஏசினார். மென்மையான சவுக்காரம் காலையிலும் மாலையிலும் மட்டும். ஒழுவுக்கு வெறும் தண்ணீர் போதும். துவாயால் ஒற்ற வேண்டும், உரசக்கூடாது. பருவை நசுக்கக்கூடாது. தலையில் வைக்கிற எண்ணெய் நெற்றிக்கு இறங்கக்கூடாது. தலையணை உறையை அடிக்கடி மாற்ற வேண்டும். நெய்ச்சோறு? "அத விட்டா மட்டும் முகம் காஞ்சிடாது. ஆனா ஒவ்வொரு நாளும் என்னத்துக்கு?"

எண்ணெய்த் தோலா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் சொன்னார். முகத்தைக் கழுவி, ஒன்றும் பூசாமல் ஒரு மணித்தியாலம் விட வேண்டும். பிறகு மெல்லிய தாளை நெற்றி, மூக்கு, கன்னம், தாடையில் ஒற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் எண்ணெய் தெரிந்தால் எண்ணெய்த் தோல். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் என்றால் இரண்டும் கலந்த தோல், பாதிக்குப் பாதி.

மறுநாள் காலை நான் அயர்மெயில் தாளோடு போனேன். என்னுடையவர் சவூதியில், கடிதம் எழுதியே காலம் போகிறது; எங்கள் வீட்டில் அரிசி முடிந்தாலும் அயர்மெயில் தாள் முடியாது. இருவரும் முகம் கழுவி ஒரு மணித்தியாலம் ஆனதும் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தேன்.

நிஸாமின் தாளில் எல்லா இடத்திலும் எண்ணெய். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பரீதாவின் தாளில் மூக்கும் நெற்றியும். "இஞ்ச பாருங்க, எனக்கும்தான்!" என்று ஏதோ பரிசு கிடைத்தவள் போல அவரிடம் காட்டினாள்.

திரைக்குப் பின்னால் இருந்து ஒரு கை நீண்டது. "எனக்கும் ஒண்டு தாகா."

கொஞ்ச நேரத்தில் தாள் திரும்பி வந்தது. ஜன்னலில் பிடித்தேன். தாளா அது? கண்ணாடி! முற்றத்து முருங்கை அதற்குள்ளால் தெரிந்தது.

நிஸாம் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. சிரித்தார் – அந்த வீட்டில் அவர் சத்தமாகச் சிரித்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரையை விலக்கிக்கொண்டு உம்மா வெளியே வந்தார்.

"சிரிங்க மகன், சிரிங்க. இந்த மூஞ்சி அம்பது வருசமா இப்படித்தான். உங்கட மாமா ஒரு நாளாவது பேக்கத் தூக்கினாரா?"

மூன்று மாதமாக 'மாப்பிள்ளை'. அன்றைக்குத்தான் 'மகன்'. பரீதா பேக்கை அவிழ்க்கத் தொடங்கினாள்.

கண்ணாடி முன்னால் நின்று வெட்கப்பட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுக்கிற பிள்ளைகளே... முகத்துக்குச் சவுக்காரம் தேடுமுன், பக்கத்தில் இருக்கிற ஆளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

என்னுடைய தாள் எப்படி இருந்தது என்று கேட்டு யாரும் கடிதம் எழுத வேண்டாம்.