மாம்பலம் படிக்கட்டு, பதினைந்து பிரதிகள்

கல்லச்சுப் படம் விற்கிறவர்களுக்குப் பாதிப் பிழைப்பு படத்தைக் காட்டுவதில் போகும், மீதிப் பிழைப்பு அதன் அடியில் பென்சிலில் இருக்கிற கையெழுத்தைக் காட்டுவதில் போகும். நீங்களும் ஒரே விளக்கத்தை ஒரே நாளில் ஒன்பது பேருக்குச் சொல்லித் தொண்டை வறண்டவராக இருந்தால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும். தொண்ணூறுகளில் ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன ஆர்ட் கேலரியில் எட்டு வருடம் இருந்தேன். லித்தோகிராஃப் என்கிற கல்லச்சுப் படங்கள் என் பொறுப்பு. அதில் ஓவியர் சண்முகம் சாரின் கடைசிப் படத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். பதினைந்து பிரதி அச்சாகி, ஒன்றில்கூடக் கையெழுத்து விழாமல் பல நாள் கிடந்த படம் அது. கையெழுத்து இல்லையென்றால் அது அவர் பெயரில் வெளியே போகாது.

பதினாலு டூப்ளிகேட்

முதலில் மயிலாப்பூர் மாமி ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அவருக்குச் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொன்ன மாதிரி ஆகும். மகள் புது வீட்டுக்கு ஒரு படம் வேண்டும் என்று வந்தார். சண்முகம் சாரின் பழைய படம் ஒன்றை எடுத்து வைத்து ஆரம்பித்தேன். ஓவியர் வழுவழுப்பான கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள குச்சியால் தன் கையாலேயே வரைகிறார். கல்லை ஈரமாக்கி மை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். மேலே தாளை வைத்து அழுத்தி எடுத்தால் படம். இப்படிப் பதினைந்து எடுத்தால் பதினைந்தும் ஒரிஜினல்தான். ஒவ்வொன்றின் அடியிலும் இது எத்தனையாவது பிரதி என்று எண் போட்டு, ஓவியரே பென்சிலால் கையெழுத்துப் போடுவார்.

மாமி பொறுமையாகக் கேட்டார். படத்தைத் திருப்பி முதுகைக்கூடப் பார்த்தார். பிறகு என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "ஒரிஜினல்னா லோகத்துல ஒண்ணுதானேடிம்மா இருக்கும்? நீ பதினஞ்சுங்கறே. அந்தப் பதினாலு டூப்ளிகேட்டை யார் தலையில கட்டினே?"

கல்லைத் தேய்த்த மதியம்

அந்தக் கடைசிப் படத்தில் சார் வரைந்தது மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டு. மழையில் நனைந்துகொண்டு ரயிலைப் பிடிக்க ஏறுகிற கூட்டம். ஒருத்தர் முகமும் தெரியாது, முதுகுகள் மட்டும்தான். தினமும் அதே படியில் ஏறி வேலைக்கு வருகிறவள் நான், ஒருநாளும் அதை அப்படிப் பார்த்ததில்லை.

பதினைந்தாவது தாள் வந்ததும், எங்கள் வழக்கப்படி அச்சுக்கூடத்தில் கல்லைத் தேய்த்தார்கள். மணலும் தண்ணீரும் விட்டு இன்னொரு கல்லால் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் படம் போய்விடும். அதற்கு மேல் ஒரு பிரதிகூட யாரும் எடுக்க முடியாது. வாங்குகிறவருக்கு நாங்கள் கொடுக்கிற வாக்கு அது. தாள் காய ஒரு வாரம் ஆகும், அப்புறம் கையெழுத்துப் போடலாம் என்றார் சார். அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த ஆட்டோக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தாங்கவில்லை: "இன்னா சார் நீ, படம் சோக்கா கீது, அத்தப் போயி தேச்சிக்கினு கீறாங்க, நீயும் பாத்துக்கினு நிக்கிறியே?"

அக்காவிடம் நான் கேட்டது

ஐந்தாம் நாள் காலையில் சாருக்குப் பக்கவாதம். உயிர் தப்பியது, வலது கை போய்விட்டது. பேச்சும் குழறியது. கல்லும் இல்லை, கையும் இல்லை. பதினைந்து தாள்கள் மட்டும் என் அலமாரியில் கிடந்தன.

அடுத்து நடந்தது கேலரி முதலாளி மேடம் சொன்ன யோசனை என்று நான் தப்பித்துக்கொள்ளலாம். இல்லை, என் யோசனைதான். சாரின் மனைவி காமாட்சி அக்கா முப்பது வருடமாக வீட்டுக் காகிதங்களில் அவருக்குப் பதில் கையெழுத்துப் போடுகிறவர். அச்சு அசலாக இருக்கும், எனக்கே வித்தியாசம் தெரியாது. மந்தைவெளியில் அவர்கள் வீட்டுச் சமையலறையில் நின்று, "நீங்களே போட்டுடுங்க அக்கா, சார் வரைஞ்சதுதானே, யாரையும் ஏமாத்தலையே" என்றேன். அக்கா அடுப்பை அணைத்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது, இப்போது எழுதும்போதும் எரிகிறது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "ரேஷன் கார்டுல போடுவேன், பால் கார்டுல போடுவேன். இதுல போட்டா, அந்த மனுஷன் செத்துட்டார்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும் ஸ்டெல்லா."

ஒரு நாளைக்கு ஒன்று

நாங்கள் பேசியது உள்ளே அவர் காதில் விழுந்திருக்கிறது. மறுநாளிலிருந்து இடது கையில் பென்சிலைப் பிடித்தார். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் கோணல் கோணலாக 'ச'. இரண்டு மாதம் கழித்து, தாள்களைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

காலை இட்லிக்கு அப்புறம் ஒன்று, அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அக்கா தாளைப் பிடித்துக்கொள்வார், நான் பென்சில் சீவிக் கொடுப்பேன். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே நெற்றியைத் துடைக்க வேண்டியிருக்கும். முதல் தாளில் கையெழுத்து கீழே சரிந்து ஓரத்துக்கே போய்விட்டது. "நல்லாத்தான் இருக்கு சார்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். சார் என்னைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "விக்கிறவ பேச்சை, என்கிட்ட, பேசாதே."

டாக்டரின் பூதக்கண்ணாடி

முதல் பிரதி அடையாறு கண் டாக்டர் ஒருவருக்குப் போனது. சாரின் படங்கள் ஐந்து அவர் வீட்டுச் சுவரில் இருந்தன. அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று நினைத்தேன். சாருக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டருக்குத் தெரியும், கை போனதை மட்டும் நான் சொல்லவில்லை. பரிதாபத்துக்காகப் படம் வாங்கினார்கள் என்று ஆகக்கூடாது என்பது அக்காவின் கட்டளை.

பத்தாம் நாள் டாக்டர் படத்தோடு வந்து நின்றார். பழைய ஐந்து கையெழுத்தையும் இதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். வாங்கும்போது கையெழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், யாரை நொந்துகொள்வது? அக்கா போட்டுக் கொடுத்திருந்தால் இந்தப் பரீட்சையில் அது கண்ணை மூடிக்கொண்டு பாஸாகியிருக்கும். சார் போட்டது ஃபெயில். டாக்டர் நல்ல மனிதர், என்னைத் திட்டவில்லை: "நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லலைம்மா. உங்களையும் யாரோ ஏமாத்திட்டாங்கன்னு சொல்றேன்."

பதினைந்தாவது தாள்

என்னால் பொறுக்க முடியவில்லை. அக்காவின் கட்டளை கிடக்கட்டும் என்று, "என்கூட வாங்க டாக்டர்" என்று மந்தைவெளிக்கு அழைத்துப் போனேன். கடைசித் தாளில் மட்டும் அன்றைக்குக் கையெழுத்து பாக்கி. சாரிடம் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். முகம் சுருங்கியது. இடது கையை என்னிடம் நீட்டினார். பென்சிலைக் கொடுத்தேன்.

எண்ணைப் போட்டார். பெயரை எழுத ஆரம்பித்தார். பாதியில் தாள் நழுவியது. அக்கா எழுவதற்குள் டாக்டர் குனிந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். முடியும் வரை கையை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியாது சார், மன்னிச்சிடுங்க. பழைய கையெழுத்து மாதிரி இல்லையேன்னுதான்..." என்றார். சார் மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அதெல்லாம் பழக்கத்துல தானா விழுந்தது டாக்டர். இதுதான் நான் போட்டது."

டாக்டர் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார், ஆனாலும் படம் சேகரிக்கிறவர் இல்லையா, கையெழுத்து உண்மைதான் என்று மறுநாளே என்னிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கினார், அதன் அடியில் நான் அவசரமாகக் கிறுக்கிய கையெழுத்தை இன்றுவரை ஒருத்தரும் சந்தேகப்பட்டதில்லை.