அரபியில் நான் சொன்ன முதல் முழு வாக்கியம்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஓமன் நாட்டில் மலையடிவார ஊர் ஒன்றில் பேரீச்சந்தோட்ட வேலைக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் நடந்தது இது.

எனக்குப் பேராவூரணிப் பக்கம். காவிரிப் பந்தியில் எங்களுக்குக் கடைசி இலை. வந்த தண்ணீரை விட்டுவிட்டால் அடுத்து எப்போது வருமென்று தெரியாது. அதனால் வாய்க்காலில் தண்ணீரைக் கண்டாலே கை தானாக மண்வெட்டியைத் தேடும். அப்படித்தான் ஒருமுறை பெரியப்பா மகனுடைய தண்ணீர் முறையில் நான் எங்கள் வயலுக்கு மடையைத் திறந்துவிட்டேன். அந்த அண்ணன் வந்து கத்த, நான் இரண்டு மடங்கு கத்தினேன். அதோடு இரண்டு வருஷம் பேச்சு இல்லை. வெளிநாடு கிளம்பியபோதுகூட அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

கிளம்புவதற்கு முன் மூன்று மாதம் செல்போனில் வீடியோ பார்த்து அரபி படித்தேன். தோப்பில் தேங்காயை எண்ணுவதுகூட அரபியில்தான். "அந்த ஊருக்காரங்களுக்கே பாடம் எடுப்பீங்க போலருக்கே" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். நானும் அதை நம்பிவிட்டேன்.

போன முதல் நாளே முதலாளி என்னை வாய்க்கால் ஓரமாக அழைத்துப்போய் நீளமாக ஏதோ விளக்கினார். மலையிலிருந்து வரும் வாய்க்கால் அது. பத்து வார்த்தைக்கு ஒன்றுதான் புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். எல்லாவற்றுக்கும் "ஐவா, ஐவா" என்று ஆமாம் போட்டேன். ஒரு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வார் என்று ஏஜென்ட் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் திரும்பும் விமானம்தான்.

மூன்றாம் நாள் காலை வாய்க்கால் நிறையத் தண்ணீர். மரத்தடியெல்லாம் காய்ந்து கிடந்தது. விடுவேனா? கல்லையும் மண்ணையும் போட்டு வாய்க்காலை மறித்து, மொத்தத்தையும் எங்கள் தோட்டத்துக்குத் திருப்பினேன். முதலாளி வந்து பார்த்து அசந்துபோவார் என்று நினைத்துக்கொண்டு வரப்பில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் கீழ்த்தோட்டத்துக்காரர் ஓடி வந்தார். அவர் போட்ட சத்தத்தில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. விஷயம் மட்டும் முழுசாகப் புரிந்தது. கடிகாரத்தைக் காட்டினார், தண்ணீரைக் காட்டினார், தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். அது அவருடைய முறை! முதல் நாள் முதலாளி விளக்கியதே இதைத்தான். சத்தம்கூட அப்படியே எங்கள் அண்ணன் போட்ட சத்தம்தான். அவசரமாக அடைப்பை எடுத்தேன். ஆனால் அவர் நேரத்தில் பெரும்பகுதி போயிருந்தது.

சாயங்காலம் முதலாளியும் அவரும் சேர்ந்தே வந்தார்கள். மூன்றே நாளில் பெட்டியோடு ஊரில் போய் இறங்கினால் மானம் என்னாவது? மொழி தெரியாதவன் மாதிரி முழித்துத் தப்பிக்கலாம். நடிக்கவே வேண்டாம், முக்கால்வாசி நிஜம். ஆனால் மனசு ஒப்பவில்லை. படித்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வேர்த்து விறுவிறுத்து அரபியில் சொன்னேன். தண்ணீர் இவருடையது, நான்தான் எடுத்தேன், தப்பு என்னுடையது, எங்கள் முறை வரும்போது அந்தத் தண்ணீர் இவருக்கு.

முதலாளியின் தண்ணீரை, வந்து மூன்று நாளான வேலைக்காரன் தாராளமாகத் தானம் செய்கிறான்! இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் கீழ்த்தோட்டத்துக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். முதலாளியும் சிரித்துவிட்டார். அடுத்த முறையில் பாதித் தண்ணீர் கீழே போனது. என் வேலையும் நிலைத்தது.

மறுநாள் கீழ்த்தோட்டத்துக்காரரே காவா என்கிற அரபிக் காப்பியும் தட்டு நிறையப் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு தினமும் வேலியோரம் நிறுத்தி என்னைப் பேசவைத்துவிட்டுத்தான் விடுவார். நான் தப்புத் தப்பாகப் பேசுவதைக் கேட்பதில் அவருக்கு அவ்வளவு குஷி. எனக்கும்தான்.

முதல் விடுமுறையில் ஊருக்கு வந்ததும், அவர் கொடுத்தனுப்பிய பழத்தை எடுத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். "அன்னிக்கு தப்பு என்னோடதுதாண்ணே" என்றேன்.

அண்ணன் பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். "வெயில்ல ஏன்டா நிக்கிறே, உள்ள வா. சாப்புட்டியா?" என்றார்.

தாய்மொழியில் இரண்டு வருஷம் தொண்டையில் சிக்கிக் கிடந்ததை, முதலில் அரபியில் சொல்லிப் பழகிய பிறகுதான் தமிழில் சொல்ல முடிந்தது என்பதை நினைத்தால், இன்றும் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே கண்ணும் கலங்கும்.